பெட்ரோல் போடுவது யார் வேலை?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் நம் குடியிருப்பில் அநேகம் பேர். பெட்ரோல் பங்க் பற்றிப் பேச்சு வந்தால் இவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். டெக்சாஸ், கலிபோர்னியா போனவர்கள், “அங்கே பங்கில் ஆளே கிடையாது. மாப்பிள்ளையே இறங்கி, கார்டைத் தேய்த்து, குழாயை எடுத்துப் போட்டுக்கொண்டார்” என்பார்கள். நியூ ஜெர்சி போனவர்களோ, “அப்படி ஒன்றும் இல்லையே, நம் ஊர் மாதிரி ஆள் வந்துதான் போட்டார்” என்பார்கள்.

இரண்டும் உண்மை. அமெரிக்காவின் 50 மாநிலங்களில், வண்டி ஓட்டுபவர் தன் கையால் பெட்ரோல் போடக் கூடாது என்று இன்றும் சட்டம் வைத்திருப்பது நியூ ஜெர்சி மட்டும்தான். 1949இல் வந்த அந்தச் சட்டத்துக்கு 75 வயது தாண்டிவிட்டது. அது எப்படி வந்தது, ஏன் இன்னும் இருக்கிறது என்பதைத் தேடிப் படித்தால், பெட்ரோலைத் தாண்டியும் நமக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

மளிகைக் கடை பம்ப்

ஆரம்ப காலத்தில் பங்க் என்று ஒன்றே இல்லை. 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் உருவாக்கிய காரில் முதல் நெடுந்தூரப் பயணம் போனபோது, வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். அமெரிக்காவிலும் மருந்துக் கடை, மளிகைக் கடை, இரும்புக் கடை என்று கிடைத்த இடத்தில் டின்னில் வாங்கி, புனல் வைத்து ஊற்றிக்கொண்டார்கள். அதாவது, முதலில் இருந்ததே தன் கையால் ஊற்றிக்கொள்ளும் முறைதான்.

பம்ப் காருக்காகப் பிறக்கவில்லை. 1885இல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் மண்ணெண்ணெய் அளந்து ஊற்ற ஒரு பம்ப் செய்து, உள்ளூர் மளிகைக் கடைக்காரருக்கு விற்றார். பின்னாளில் அதே பம்ப் பெட்ரோலுக்கும் பயன்பட்டது. இலங்கைத் தமிழர்கள் எரிபொருள் லாரியை ‘பவுசர்’ என்கிறார்களே, விமான நிலையங்களிலும் அந்தச் சொல் புழங்குகிறதே, அது இவருடைய பெயர்தான்.

1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் நிறுவனம், வண்டிகள் உள்ளே வந்து நின்று எரிபொருள் போட்டுச் செல்வதற்கென்றே திட்டமிட்ட ஒரு நிலையத்தைத் திறந்தது. அதற்குப் பின் வந்த சுமார் 40 ஆண்டுகளைப் பங்க் ஊழியரின் பொற்காலம் என்று சொல்லலாம். சீருடையும் தொப்பியும் அணிந்தவர் வண்டி நின்றதும் ஓடி வருவார். பெட்ரோல் போடுவதோடு முன்கண்ணாடியைத் துடைப்பார், எஞ்சின் ஆயிலைப் பார்ப்பார், டயருக்குக் காற்று அடிப்பார். சாலை வரைபடம்கூட இலவசம். இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. எல்லாம் பெட்ரோல் விலைக்குள் அடக்கம்.

அளவு சரியா?

வாங்குபவருக்கு விற்பவர் மேல் ஒரு சந்தேகம் அன்றே இருந்தது. பூமிக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாக வண்டிக்குள் போவது ஒரு காலனா, முக்கால் காலனா என்று யார் கண்டது? (அமெரிக்கக் காலன் என்பது சுமார் 3.8 லிட்டர்.) இதற்குப் பதிலாக 1910களின் பிற்பகுதியில் கண்ணாடிக் குடுவை வைத்த பம்ப் பரவியது. ஊழியர் கைப்பிடியை ஆட்ட ஆட்ட, தலைக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறும். குடுவையில் அளவுக் கோடுகள் இருக்கும். வாடிக்கையாளர் கண்ணால் பார்த்துத் தலையசைத்த பிறகு அது தானாக வண்டிக்குள் இறங்கும். 1930களில் அளவையும் தொகையையும் சேர்த்துக் காட்டும் மீட்டர் பம்ப் வந்து குடுவையை ஓரங்கட்டியது. நம் பங்குகளில் இன்றும் கேட்கும் “சார், ஜீரோ பாத்துக்கோங்க” என்ற வாசகத்தின் மூதாதை அந்தக் கண்ணாடிக் குடுவைதான்.

வாடிக்கையாளரே போட்டுக்கொண்டால்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து கார்கள் பெருகிய நேரம். 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிராங்க் யூரிக் என்ற பங்க் உரிமையாளர் ஒரு கணக்குப் போட்டார். ஊழியர் செய்கிற வேலையை வாடிக்கையாளரே செய்தால், மிச்சமாகும் கூலியில் ஒரு பகுதியை விலையில் குறைக்கலாம். காலனுக்கு 5 சென்ட் மிச்சம் என்று பலகை வைத்தார். வரிசை வரிசையாகப் பம்புகள். ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிய இளம்பெண்கள் வண்டிக்கு வண்டி சறுக்கிப் போய்ப் பணம் வாங்கினார்கள், பம்பை மறுபடி ஜீரோவுக்குத் திருப்பினார்கள். கூட்டம் அலைமோதியது.

மற்ற பங்க்காரர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. தீயணைப்பு அதிகாரிகளுக்கு வேறு ஒரு கவலை. அந்தக் காலத்தில் பெரும்பாலான பங்குகளில் குழாயின் விசையைக் கையால் பிடித்திருக்க வேண்டும். தொட்டி நிரம்பியதைக் கவனிக்காவிட்டால் பெட்ரோல் வழியும். ஊதும் சிகரெட்டோடு வண்டியிலிருந்து இறங்குபவர்களும் அநேகம். எனவே பல மாநிலங்களும் நகரங்களும் தீ விபத்தைக் காரணம் காட்டி இந்த முறைக்குத் தடை போட்டன. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு நியூ ஜெர்சிதான் சரியான உதாரணம்.

ஹேக்கன்சாக் சண்டை

நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக் பகுதியில் 17ஆம் எண் நெடுஞ்சாலையில் இர்விங் ரெய்ன்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு ஒரு பங்க் திறந்தார். சுற்று வட்டாரத்தில் காலன் 21.9 சென்ட். தானே போட்டுக்கொண்டால் 18.9 சென்ட் என்றார் ரெய்ன்கோல்ட். 3 சென்ட் வித்தியாசம் இன்று ஒன்றுமில்லை போலத் தெரியும். அன்றைய விலையில் ஏழில் ஒரு பங்கு! சாலையில் வண்டிகள் வரிசை கட்டின.

அடுத்து நடந்ததை ரெய்ன்கோல்ட் பிற்காலத்தில் பத்திரிகை ஒன்றிடம் சொல்லியிருக்கிறார். போட்டியாளர்கள் ஆள் வைத்து அவர் பங்கின் மேல் துப்பாக்கியால் சுட்டார்களாம். அவர் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டாராம். மிரட்டல் பலிக்காதபோது பங்க் உரிமையாளர்களின் சங்கம் மாநில சட்டமன்றத்தை நாடியது. 1949இல் சட்டம் வந்தது: பயிற்சி பெற்ற ஊழியர்தான் பெட்ரோல் போட வேண்டும். சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருக்கிறது. ரெய்ன்கோல்ட் நீதிமன்றம் போனார். 1951இல் மாநில உச்ச நீதிமன்றம், தீ அபாயத்தைத் தடுக்க இப்படிச் சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. அவருடைய மலிவு விலைப் பங்க் அத்தோடு முடிந்தது.

அதே 1951இல் மேற்குக் கரையில் ஒரிகன் மாநிலமும் இதே போன்ற தடையைக் கொண்டு வந்தது.

ஜீரோவுக்குத் திரும்ப ஒரு பொத்தான்

மற்ற இடங்களில் நிலைமை மெதுவாக மாறியது. அதில் இரண்டு கருவிகளுக்குப் பங்கு உண்டு.

முதலாவது, தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் குழாய்முனை. முனையின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பி, பெட்ரோல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று வருவது நிற்கும். உள்ளே உறிஞ்சும் விசை கூடும். அது ஒரு சவ்வை இழுத்து, பிடித்திருக்கும் விசையைத் தட்டிவிடும். ‘டக்’ என்று நிற்கிறதே, அது இந்தச் சத்தம்தான். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை, வெறும் காற்றழுத்தம்.

இரண்டாவது, கொலராடோ மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் 1964 ஜூனில் வந்த தொலை இயக்கம். அதுவரை ஒவ்வொரு வண்டிக்குப் பின்னும் யாராவது வெளியே போய்ப் பம்பை ஜீரோவுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஹெர்ப் டிம்ஸ் என்பவர் செய்த கருவியால், ஜான் ராஸ்கோ நடத்திய கடையின் கல்லாவில் இருந்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய முடிந்தது. பாலும் ரொட்டியும் விற்கும் ஒரே ஆள் பெட்ரோலும் விற்கலாம் என்றாகிவிட்டது.

பிறகு வந்தது 1973. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பங்குகளில் மைல் கணக்கில் வரிசை. ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பங்கீடு. காலனுக்குச் சில சென்ட் மிச்சம் என்றால் கண்ணாடி துடைக்க ஆள் வேண்டாம் என்று மக்கள் முடிவு செய்தார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடையை நீக்கின. பத்தே ஆண்டுகளில் தானே போட்டுக்கொள்வதுதான் வழக்கம் என்றாகிவிட்டது.

சேர்ந்து போனவை வேறு சிலவும் உண்டு. ஆயில் பார்க்கும் கை போனது. பங்கோடு சேர்ந்திருந்த மெக்கானிக் கொட்டகை போய் அங்கே காபி, சிப்ஸ் விற்கும் கடை வந்தது. பள்ளி முடித்த பையனுக்குக் கிடைக்கும் முதல் வேலையும் போனது. சந்தேகமும் திசை மாறியது. முன்பு வாங்குபவர் விற்பவரைச் சந்தேகித்தார். இப்போது பணம் தராமல் ஓட்டிவிடுவாரோ என்று விற்பவர் வாங்குபவரைச் சந்தேகித்து, முதலில் பணம், பிறகு பெட்ரோல் என்றார்.

தீ? கோடிக்கணக்கானவர்கள் தினமும் தாங்களே போட்டும், பயந்தபடி ஊர் பற்றி எரியவில்லை. ஒரே ஒரு அபாயம் மட்டும் நிஜமாகவே பதிவானது. குளிர்கால வறண்ட காற்றில், குழாயை மாட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்ப இறங்கி வந்து குழாயைத் தொடும்போது உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் பொறியாகி ஆவி பற்றிய சம்பவங்கள் உண்டு. பெட்ரோல் ஏறும்போது உள்ளே போய் உட்காராதீர்கள், போக வேண்டி வந்தால் முதலில் வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் குழாயைத் தொடுங்கள் என்று எச்சரிக்கை ஒட்டினார்கள்.

காரணங்கள் மாறின, சட்டம் நின்றது

மற்றவர்கள் மாறியும் நியூ ஜெர்சியும் ஒரிகனும் மட்டும் அசையவில்லை. தீ என்ற காரணம் வலுவிழந்தபோது புதுக் காரணங்கள் வந்து சேர்ந்தன. ஒரிகன் சட்டப் புத்தகத்தில் 17 காரணங்கள் பட்டியலாகவே இருந்தன: மழையில் வழுக்கும் தரை, குழந்தையைத் தனியே விட்டு இறங்க வேண்டிய நிலை, பெட்ரோல் ஆவி, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள சிரமம், வேலைவாய்ப்பு என்று நீளும் பட்டியல். 1982இல் தடையை நீக்கலாமா என்று ஒரிகன் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றார்கள்.

நியூ ஜெர்சியில் 2006இல் ஆளுநர் ஜான் கோர்சைன், நெடுஞ்சாலைப் பங்குகளில் சோதனையாகத் தொடங்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார். 2022இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கருத்துக் கணிப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஊழியர் போடுவதே பிடிக்கும் என்றார்கள். ஜெர்சிப் பெண் பெட்ரோல் போட மாட்டாள் என்று பெருமையாகக் காரில் ஸ்டிக்கர் ஒட்டும் ஊர் அது!

“எங்களுக்கு ஆளும் உண்டு, விலையும் குறைவு” என்று அவர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலை குறைவாக இருந்ததற்கு முக்கியக் காரணம் வரி. நியூ ஜெர்சியின் பெட்ரோல் வரி காலனுக்கு 14.5 சென்ட் மட்டுமே. நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. சுத்திகரிப்பு ஆலையும் பக்கத்திலேயே லிண்டன் நகரில். 2016 நவம்பரில் வரி ஒரேயடியாக 23 சென்ட் உயர்ந்ததும் அந்த மலிவு பெருமளவு கரைந்தது. ஊழியரின் கூலி எப்போதும் விலைக்குள் இருந்தது. குறைந்த வரி அதை மறைத்து வைத்திருந்தது.

இந்தக் கதையின் பெரிய திருப்பம் 2022இல் வந்தது. தடையைத் தளர்த்த ஒரு மசோதா வந்தபோது அதற்கு ஆதரவாக நின்றது யார் தெரியுமா? பங்க் உரிமையாளர்களின் சங்கம். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்றார்கள். 1949இல் தடை வேண்டும் என்று கேட்டவர்கள் பங்க் உரிமையாளர்கள். 73 ஆண்டு கழித்துத் தடை வேண்டாம் என்று கேட்டவர்களும் அவர்களே. மசோதா நகரவில்லை. பாதுகாப்புக்கு என்று எழுதி, போட்டியை ஒழிக்கக் கொண்டு வந்த சட்டத்தை, இன்று வாடிக்கையாளரின் பழக்கம்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஒரிகன் படிப்படியாக இறங்கி வந்தது. 2018இல் 40,000க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள மாவட்டங்களில் அனுமதித்தது. 2020இல் கொரோனாவின்போதும் 2021 ஜூன் கடும் வெயிலின்போதும் தீயணைப்புத் தலைமை அதிகாரியே தடையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். தீக்குப் பயந்து வந்த சட்டத்தை, வெயிலில் நிற்கும் ஊழியரைக் காப்பாற்ற அவரே தளர்த்த வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் அனுமதி வந்தது. ஆனால் மக்கள்தொகை மிகுந்த பகுதிகளில் பாதிப் பம்புகளுக்கு மேல் ஆளில்லாமல் விடக் கூடாது, இரண்டுக்கும் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

வேறு நாடுகள் வேறு வழி கண்டன. ஜப்பான் 1998 ஏப்ரலில்தான் அனுமதித்தது. அங்கே இன்றும் தகுதிச் சான்று பெற்ற ஊழியர் உள்ளிருந்து கவனித்து, ஒவ்வொரு வண்டிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் பம்ப் ஓடும். பிரேசில் 2000 ஜனவரியில் நாடு முழுவதும் தடையே போட்டது. அவர்கள் தீயைக் காரணம் காட்டிச் சுற்றி வளைக்கவில்லை. பங்க் ஊழியர்களின் வேலையைக் காப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

முடியாதவர் என்ன செய்வார்?

இத்தனை சண்டையிலும் உரக்கக் கேட்காத குரல் ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் வாழ்பவர், கைப்பிடி பலம் குறைந்த முதியவர், இவர்களும் கார் ஓட்டுகிறார்கள். 48 மாநிலங்களில் பங்க் ஆளில்லாமல் போனபோது இவர்களுக்கு என்ன வழி?

1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்குப் பதில் சொன்னது. தானே போட்டுக்கொள்ளும் பங்காக இருந்தாலும், மாற்றுத்திறனாளி ஹாரன் அடித்தோ சைகை காட்டியோ கேட்டால் ஊழியர் வந்து போட்டுத் தர வேண்டும். அதற்குக் கூடுதலாகக் காசு வாங்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது: பங்கில் ஒரே ஊழியர் தனியாக இருக்கும் நேரத்தில் இந்தக் கடமை கிடையாது. இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலையில் உதவி மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் பங்கிலும் ஒரே ஆள் இருப்பார்.

என் பார்வையில் இந்த 75 ஆண்டுக் கதையின் சாரம் இதுதான். ஆளை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தால் வேலை மறைந்துவிடுவதில்லை. அது வாடிக்கையாளர் தலைக்கு இடம் மாறுகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு அது பெரிய விஷயமே இல்லை, காசும் மிச்சம். மீதி இரண்டு பேருக்கு அது சுவர். அந்த இரண்டு பேருக்காக எட்டுப் பேரையும் தடுப்பதும் சரியில்லை. எட்டுப் பேருக்கு வசதி என்பதற்காக இருவரைக் கைவிடுவதும் சரியில்லை. ஒரிகன் கடைசியில் வந்து நின்ற ‘பாதிக்குப் பாதி, ஒரே விலை’ என்ற இடம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

நமக்கு

நம் ஊர்ப் பங்குகளில் ஆள் இருக்கிறார். இருக்கும்வரை அவரை மதிப்போம். கொளுத்தும் வெயிலில் ஆவியைச் சுவாசித்துக்கொண்டு நிற்கும் வேலை அது. ஜீரோ பார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாது. கண்ணாடிக் குடுவைக் காலத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் உரிமை. அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும்.

இன்னொன்று நம் சங்கத்துக்கு. வாயில் காவலருக்குப் பதில் செயலி, அலுவலகக் கவுன்ட்டருக்குப் பதில் ஆன்லைன் கட்டணம் என்று நம் கூட்டங்களிலும் பேச்சு வருகிறது. செலவு மிச்சம் என்பது உண்மை, வரவேற்க வேண்டியதும்கூட. ஆனால் கை தூக்கி முடிவு செய்யும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்த வேலை இனி யார் தலையில் விழும்? அதைச் செய்ய முடியாதவர் நம் பிளாக்குகளில் யார் யார்? இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வரும் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால், எந்த முடிவும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.